முதல் வெளிநாட்டுச் சுற்றுலா: விசா, நுழைவு விதிகள், காகிதம் சிக்கும் இடங்கள்

கேள்வி இதுதான்: குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். கணவன், மனைவி, 9 வயது மகன், 68 வயது அம்மா. நால்வரிடமும் பாஸ்போர்ட் இல்லை. வரும் கோடை விடுமுறைக்கு மலேசியா, சிங்கப்பூர். அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த வருடம் ஐரோப்பா. எங்கே விசா வேண்டும், என்னென்ன காகிதம் கேட்பார்கள், எல்லாவற்றையும் ஏஜென்டிடம் விட்டுவிடலாமா?

மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம். சிங்கப்பூருக்கு வேண்டும். ஐரோப்பாவுக்குக் கண்டிப்பாக வேண்டும், அதற்கு இன்றே தயாராக ஆரம்பிக்கலாம். ஏஜென்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வசதி இல்லாததால் விசா மறுக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கடை நன்றாக நடக்கும் குடும்பங்களுக்கும் மறுப்பு வருகிறது. ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதம் மறுக்கிறது, அங்கேதான் பெரும்பாலும் சிக்கல். பெயர், பிறந்த தேதி, பணம் வந்த வழி, ஊருக்குத் திரும்பும் தேதி ஆகிய நான்கும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட். ஆன்லைனில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் எடுத்தால் போதும், சென்னை போக வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000 ரூபாய். உங்களுக்கு 36 பக்கமே தாராளம். மகனுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழி வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் செல்லும். போலீஸ் விசாரணைக்கு வருகிறவர் பார்க்கும் முகவரியும் நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடும் ஒன்றாக இருக்க வேண்டும். வாடகை வீடு மாறியும் ஆதாரில் பழைய முகவரியே இருந்தால், ஆதாரைத் திருத்திய பிறகு விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் ‘அந்த முகவரியில் இல்லை’ என்று அறிக்கை போய்விடும், பிறகு அதைச் சரிசெய்ய அலைய வேண்டும்.

இனிஷியலில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘கிவன் நேம்’, ‘சர்நேம்’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ‘எஸ். குமார்’ என்று இனிஷியலோடு எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நிறைய பேர் கிவன் நேமில் தன் பெயரைப் போட்டுவிட்டு சர்நேமைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். உள்ளூரில் அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்றது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்தப் பெயர் சர்நேம் ஆகிவிடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். விமான டிக்கெட்டில் ஒரு கம்பெனி அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு ஏதாவது சொல்லும். புதிதாக எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். நால்வருக்கும் சர்நேம் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். வழக்கம்போல அப்பா பெயரையே போடலாம். மனைவிக்கு அவர் அப்பா பெயரா, உங்கள் பெயரா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் ஆதாரிலும் பான் கார்டிலும் என்ன இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. மகனின் சர்நேம் உங்கள் பெயர், உங்கள் சர்நேம் உங்கள் அப்பா பெயர், மனைவிக்கு வேறு, அம்மாவுக்கு வேறு. ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு நான்கு சர்நேம். வெளிநாட்டுக் கவுண்டரில் இருப்பவருக்கு இது குடும்பம் என்று பார்த்தவுடன் புரியாது. பெற்றோர் பெயர் ஆங்கிலத்தில் உள்ள மகனின் பிறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவுச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009 சட்டத்துக்குப் பிறகு கட்டாயம். அதற்குப் பின் மணந்தவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிதழ் எடுத்திருப்பார்கள். எடுக்காதவர்கள், விசா வேலை ஆரம்பிக்கும் முன் எடுத்துவிடுவது நல்லது.

அம்மாவின் பிறந்த தேதியைத் தனியாகப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் ஆதாரில் ஜனவரி 1 என்றும், வாக்காளர் அட்டையில் வேறு வருடம் என்றும் இருப்பது சாதாரணம். பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி ஏறுகிறதோ, அதற்குப் பிறகு டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் அதுதான். பிறந்த ஊரும் அப்படியே. பழைய சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும், பிறகு வேலூர் மாவட்டம், 2019க்குப் பிறகு சிலருக்கு ராணிப்பேட்டை, சிலருக்குத் திருப்பத்தூர். எந்தத் தூதரகமும் இதற்காக விசாவை மறுக்காது. விசா விண்ணப்பத்தில் ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதினால் போதும்.

‘ஈசிஆர்’ பற்றி ஒரு விளக்கம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று அச்சாகும். இது வேலைக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. பட்டியலில் உள்ள 18 நாடுகளில் வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியாவும் உண்டு. சுற்றுலாவுக்குப் போகத் தடை இல்லை, ஆனால் சென்னை விமான நிலையக் குடியேற்றக் கவுண்டரில் கூடுதலாக நாலு கேள்வி வரும். 50 வயது தாண்டியவர்களுக்கு ஈசிஆர் கிடையாது, ஆகவே அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் பத்தாவது தேறாதவராக இருந்தாலும் வருமான வரி கட்டுபவர் என்றால் அதைக் காட்டி விலக்கு வாங்கலாம், உங்கள் மனைவிக்கும் அது பொருந்தும். விண்ணப்பிக்கும்போதே அதற்கான ஆதாரத்தை எடுத்துப் போங்கள்.

இனி மலேசியா. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி, இது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசாவுக்குப் பதில் ‘எம்டிஏசி’ என்ற டிஜிட்டல் வருகை அட்டையை இறங்கும் தேதிக்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், ஆளுக்கு ஒன்று, சிறுவனுக்கும் சேர்த்து. கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பணம் பறிக்கும் தனியார் தளம்தான். மலேசிய அரசுத் தள முகவரி ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடியும், அதைப் பார்த்த பிறகு நிரப்புங்கள். பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது இறங்கும் நாளிலிருந்து கணக்கு. மே 10 இறங்கினால் நவம்பர் 10 தாண்டியும் பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட் எடுக்கும் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் மகனின் 5 வருடப் பாஸ்போர்ட் நடைமுறையில் நாலரை வருடம்தான் உபயோகப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

விசா இல்லாத நாடு என்பதற்காகச் சும்மா போய் இறங்க முடியாது. திரும்பும் டிக்கெட், தங்கும் ஓட்டல் முன்பதிவு, செலவுக்குப் பணம் இம்மூன்றையும் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, திருப்தி இல்லையென்றால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்பே சென்னையில் இரண்டு இடத்தில் வடிகட்டுவார்கள். ஒன்று விமானக் கம்பெனி கவுண்டர். தகுதியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் கம்பெனிக்கு அபராதம், திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்களுடையது. ஆகவே ‘டிமாட்டிக்’ என்ற தகவல் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்று வருகிறதோ, அதை வரி விடாமல் கேட்பார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. இரண்டாவது நம் நாட்டுக் குடியேற்ற அதிகாரி. சுற்றுலா என்று கூட்டிப்போய் கம்போடியா, மியான்மர் பக்கம் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் இளைஞர்களை விற்ற வழக்குகள் தமிழ்நாட்டில் நிறைய வந்துவிட்டன. அதனால் தனியாகப் போகும் இளைஞர்களை, கையில் சரியான திட்டம் இல்லாதவர்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள். குடும்பமாகப் போகிற உங்களிடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ‘எங்கே தங்குகிறீர்கள்’ என்று கேட்டால் ‘ஏஜென்டுக்குத்தான் தெரியும்’ என்று பதில் சொல்லக் கூடாது. ஓட்டல் பெயரும் திரும்பும் தேதியும் அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இதை ஒட்டியே ஒன்று: டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை ஏற்பாடு செய்துதருகிறேன் என்று ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ, வேலூரிலோ யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள். வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும், அது இருக்கிறதா என்று ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் விசாவுக்குத் தூதரகத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் அங்கீகரித்த விசா ஏஜென்டுகள் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். இங்கே ஏஜென்ட் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. அதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஏஜென்ட் கூலி, எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 14ஏ படிவம், பாஸ்போர்ட் நகல், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் புகைப்படம், விமான முன்பதிவு, தங்குமிடம் ஆகியவை வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் தரும் அறிமுகக் கடிதம். பயணத்துக்கு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிப்பது வழக்கம், ரொம்ப முன்னால் கொடுத்துப் பயனில்லை. விசா வந்ததும் அச்செடுத்து பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். விசா கையில் இருந்தாலும் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ தனியாக 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்.

கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் வழியாகப் பஸ்ஸில் சிங்கப்பூர் போய்விட்டு, திரும்பவும் மலேசியா வந்து சென்னைக்கு விமானம் ஏறுவதுதான் மலிவான திட்டம். அதில் கவனிக்க வேண்டியது, மலேசியாவுக்குள் இரண்டாம் முறை நுழைவதால் இன்னொரு எம்டிஏசி வேண்டும். நிறைய பேர் முதல் தடவை நிரப்பியதே போதும் என்று நினைத்து, எல்லையில் இறங்கி நின்று அவசரமாக மொபைலில் நிரப்புகிறார்கள். பஸ் காத்திருக்காது. சிங்கப்பூரில் இறங்கி கோலாலம்பூரிலிருந்து திரும்பும் டிக்கெட்டாக எடுத்தால் இந்தக் குழப்பமே இல்லை, பெரும்பாலும் பணத்திலும் பெரிய வித்தியாசம் வராது. நான் அதைத்தான் சொல்வேன், அம்மாவை வைத்துக்கொண்டு ஒரே எல்லையை இரண்டு முறை தாண்ட வேண்டாம்.

மலேசியா பிடிக்காவிட்டால் வேறு எங்கே சுலபம்? தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தது. 2025 மே 1 முதல் அவர்களும் ‘டிடிஏசி’ என்ற டிஜிட்டல் அட்டை கேட்கிறார்கள். இந்தச் சலுகைகள் அரசு மாறினால், ஏன், அமைச்சர் மாறினாலே மாறும். டிக்கெட் எடுக்கும் அன்றும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் அந்த நாட்டுத் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். பாலியில் நாளுக்கு 10 லட்சம் ருபியா. பாலிக்கு இறங்கும் இடத்திலேயே விசா உண்டு, 5 லட்சம் ருபியா, 30 நாள். மாலத்தீவில் இறங்கும் இடத்திலேயே இலவச விசா, ஆனால் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற ஆன்லைன் பயணி அறிவிப்பு நிரப்ப வேண்டும். இலங்கைக்கு ‘இடிஏ’ என்ற மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். வியட்நாமுக்கு இ-விசா, ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50 டாலர். அதில் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். திருத்தம் செய்வதைவிடப் புதிதாகப் பணம் கட்டி எடுப்பது விரைவு. நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் செல்லும், ஆகவே அம்மாவுக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. பூட்டானில் விசா இல்லை, ஆனால் இந்தியப் பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு.

ஐரோப்பாவுக்கு வருகிறேன். ‘ஷெங்கன்’ விசா ஒன்றில் 29 நாடுகள் அடங்கும். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாம் உள்ளே, இங்கிலாந்தும் அயர்லாந்தும் வெளியே. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், எல்லாம் சமம் என்றால் முதலில் இறங்கும் நாடு. ‘அந்த நாட்டில் சுலபமாகக் கொடுக்கிறார்கள்’ என்று கேள்விப்பட்டு, அங்கே இரண்டு இரவு மட்டும் போட்டு விண்ணப்பிப்பது மறுப்பைக் கேட்டு வாங்குவதற்குச் சமம். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. உங்கள் நால்வருக்கு 315 யூரோ, மேலே, தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் கூலி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. கோடைக்கு நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால், மே மாதப் பயணத்துக்கு டிசம்பர், ஜனவரியிலேயே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். நேரப் பதிவுக்கு யாராவது தனியாகப் பணம் கேட்டால் அது தரகு. பாஸ்போர்ட் அத்தனை நாளும் அவர்களிடம்தான் இருக்கும், இடையில் வேறு பயணம் வைத்துக்கொள்ள முடியாது.

சென்னை விசா மையத்துக்கு நால்வரும் நேரில் போக வேண்டும். மகன் 12 வயதுக்குக் கீழ் என்பதால் கைரேகை இல்லை, மற்றவர்களுக்குப் பத்து விரலும் உண்டு. ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும். வயலிலும் அடுப்படியிலும் உழைத்த கைகளில், பீடி சுற்றிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். அம்மாவுக்கு அப்படி இருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, கடினமான பாத்திர வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மையத்துக்குள் போகும்போது மட்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். காலை ஏலகிரி எக்ஸ்பிரஸை நம்பி 9 மணி நேரப் பதிவு எடுக்காதீர்கள். 11 மணிக்கு மேல் எடுத்தால் ரயில் அரை மணி தாமதமானாலும் பதற்றம் இல்லை.

காகிதங்களில் இன்சூரன்ஸ் சுலபம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவு ஈடு, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், முழு நாட்களுக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதைச் சொல்லியே எடுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பாலிசி கை விரித்துவிடும். பாஸ்போர்ட், ஷெங்கனை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

கஷ்டமானது பணக் கணக்கு. கேட்பது கடைசி சில மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் ‘ஐடிஆர்’ என்ற வருமான வரிக் கணக்கும். 6 மாத ஸ்டேட்மென்ட்டும் 3 வருட ஐடிஆரும் வைத்தால் எங்கும் போதும். மளிகைக் கடையில் தினக் கல்லாப் பணத்தை அப்படியே மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, வங்கியில் கொஞ்சம்தான் போடுவது வழக்கம். அப்படியானால் ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பவருக்கு உங்கள் கடை இருப்பதே தெரியாது. ஐடிஆரில் வருமானம் 6 லட்சம், வங்கியில் மாதம் 15,000 வரவு என்றால் இரண்டில் ஒன்று பொய் என்றுதான் தோன்றும். இன்றிலிருந்தே கல்லாப் பணத்தைக் கணக்கில் போட்டு, மொத்த வியாபாரிக்கு வங்கி வழியாகக் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ், கடை நடப்புக் கணக்கு ஆகியவை கடையும் நீங்களும் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வது போல.

இன்னொன்று, விண்ணப்பிக்கப் பத்து நாள் முன்பு மூன்று, நான்கு லட்சத்தைக் கொண்டுபோய்க் கணக்கில் போடுவது. மச்சானிடம் கைமாற்று வாங்கிப் போடுவார்கள், இல்லையென்றால் நகையை அடகு வைத்துப் போடுவார்கள். நகைக்கடன் தொகை அதே வங்கியில் வரவானால், ஸ்டேட்மென்ட்டில் அந்த வரவுக்கு எதிரே நகைக்கடன் என்றே அச்சாகியிருக்கும். கையிருப்பைக் காட்டப் போட்ட பணம் கடனைக் காட்டிக்கொடுக்கிறது. பார்ப்பவர்கள் கடைசி நாள் மீதியைவிட, ஆறு மாதமாக மீதி எந்த அளவில் நின்றது என்பதைத்தான் பார்க்கிறார்கள். பெரிய வரவு நியாயமாகவே வந்திருந்தால் அதன் வழியைக் காட்டுங்கள். பதிவுபெற்ற சீட்டு எடுத்த பணம் என்றால் சீட்டு நிறுவனத்தின் ரசீது, வைப்புநிதி முடிந்தது என்றால் அதன் கடிதம், நிலம் விற்றது என்றால் பத்திரம். விண்ணப்பத்தோடு வைக்கும் கவர் லெட்டரில் தேதியோடு ஒரு வரி எழுதினால் போதும். ஊர்ச் சீட்டு, நோட்டுப் புத்தகச் சீட்டு என்றால் அதைக் காட்ட முடியாது. அந்தப் பணத்தை விண்ணப்பத்துக்கு ஆறு ஏழு மாதம் முன்பே கணக்கில் போட்டுவிடுவதுதான் வழி.

விவசாய வருமானம் இருந்தால் சிட்டா, பட்டா, தாசில்தார் வருமானச் சான்று வைக்கலாம். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைக்க வேண்டும். இங்கிலாந்து என்றால் மொழிபெயர்ப்பில் ‘இது சரியான மொழிபெயர்ப்பு’ என்ற உறுதியும், செய்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரமும் இருந்தாக வேண்டும். மனைவிக்கும் அம்மாவுக்கும் தனி வருமானம் இல்லையென்றால் அவர்கள் கணக்கில் பணம் போட்டுக் காட்டாதீர்கள். செலவு முழுக்க உங்களுடையது என்று ஒரு கடிதமும், உறவைக் காட்டும் சான்றிதழும் போதும். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஓடும் கடை, பையனின் பள்ளிக்கூடக் கடிதம், சொந்த வீடு இவையே சாட்சி. பள்ளிக் கடிதத்தில் விடுமுறைத் தேதியும் மீண்டும் திறக்கும் தேதியும் இருக்கட்டும்.

விமான டிக்கெட்டை விசா வரும் முன் பணம் கட்டி எடுக்காதீர்கள், முன்பதிவு மட்டும் வையுங்கள். ‘டம்மி டிக்கெட்’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் காகிதத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வராது. பொய்க் காகிதம் கொடுத்தவர் என்ற பெயர் எதற்கு? கட்டணம் இல்லாமல் ரத்து செய்யக்கூடிய ஓட்டல் பதிவும், ஏஜென்ட் வழியாக விமானக் கம்பெனியிலேயே சில நாள் பிடித்துவைக்கும் பதிவும் நேர்மையான வழி.

விசா ஸ்டிக்கர் வந்ததும் மூன்று கட்டம் பாருங்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்பது உள்ளே இருக்க வேண்டிய காலத்தின் எல்லை. ‘தங்கும் நாள்’ என்பது அதற்குள் எத்தனை நாள் இருக்கலாம் என்பது. முதல் கட்டத்தில் 27 நாள் இடைவெளி இருந்தும் இரண்டாம் கட்டத்தில் 12 என்று இருந்தால் 12 நாள்தான், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து. மூன்றாவது நுழைவு எண்ணிக்கை. ஒன்று என்று இருந்தால், நடுவில் லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸ் வர முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே முத்திரை குத்துவதற்குப் பதில் முகமும் விரல் ரேகையும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது, ஆகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினி சொல்லிவிடும். ஒழுங்காகப் போய்வந்தால் பலன் உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பலமுறை விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்தது.

இங்கிலாந்துக்குத் தனி விசா, 6 மாதத்துக்கானது 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. அமெரிக்காவுக்கு 185 டாலர், டிஎஸ்-160 படிவம், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அங்கே நீங்கள் சுமந்துபோகும் கோப்பைப் பெரும்பாலும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள், படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதே தேர்வு. எந்த நாடாவது முன்பு விசா மறுத்திருந்தால் அடுத்த விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறுப்பு ஒரு குற்றம் இல்லை. மறைத்தது தெரிந்தால் இங்கிலாந்து 10 வருடம் தடை போடும்.

ஏஜென்ட் விஷயம். கையெழுத்து உங்களுடையது என்பதால் பிழையும் உங்களுடையது. நிரப்பிய படிவத்தின் நகலை அனுப்புவதற்கு முன் வாங்கிப் படியுங்கள். மின்னஞ்சல், மொபைல் எண் இரண்டும் உங்களுடையதா பாருங்கள். பல ஏஜென்டுகள் தங்கள் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள், தூதரகம் கூடுதல் காகிதம் கேட்டு அனுப்பும் கடிதம் அவர்கள் இன்பாக்ஸில் தூங்கும். ‘விசா கேரண்டி’ என்பவரிடம் போக வேண்டாம், அதைக் கொடுப்பது அவர் கையில் இல்லை. பேக்கேஜாக எடுத்தால் ‘டிசிஎஸ்’ என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், ஐடிஆர் போடும்போது கழித்துக்கொள்ளலாம், ரசீதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கையில் எடுத்துப்போகும் அந்நிய நோட்டு ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான். உரிமம் பெற்ற மாற்றகத்தில் பாஸ்போர்ட், டிக்கெட் காட்டி வாங்குங்கள். கென்யா போன்ற நாடுகளுக்குப் போக நினைத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

மசாலாப் பொடி கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: கசகசா சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாவுக்கு என்று அரைத்த பொடியில் கலந்திருந்தாலும் அது கசகசாதான், ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அம்மாவின் மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும்.

மனைவியும் அம்மாவும் நகை போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும் அன்று சென்னை விமான நிலையச் சுங்கக் கவுண்டரில் அவற்றைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எடையும் விவரமும் எழுதிக் கொடுப்பார்கள். திரும்பும்போது ‘இது இங்கிருந்து போனதுதான்’ என்று காட்ட அந்தத் தாள்தான் ஆதாரம். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம், ஆகவே பெட்டியை ஒப்படைக்கும் முன்பே கேளுங்கள், விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பு அங்கே இருக்கிற மாதிரி குடியாத்தத்திலிருந்து கிளம்புங்கள்.